பால் கொடுத்துவிட்டு ஓடிய காலம்

குழந்தை பெற்றவள் மறுபடி ஓடலாமா என்பதில் எங்கள் வீட்டில் பெரிய விவாதம் எழவில்லை. பால் கொடுக்கிறவள் ஓடலாமா என்பதில்தான் எழுந்தது. அம்மாவுக்கு என் உடம்பைப் பற்றிய கவலை, அப்பத்தாவுக்குப் பாலைப் பற்றிய கவலை, எனக்கு இரண்டும். அந்தக் காலத்தில் நான் பட்டறிந்ததை, இன்று அதே கேள்வியோடு மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்களுக்காக எழுதுகிறேன்.

கல்லூரி நாட்களிலிருந்தே ஓடுகிறவள் நான். வேலைக்குச் சென்னை வந்த பிறகும், விடியுமுன் பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டி ஓடிவிட்டு வந்தால்தான் அந்த நாள் எனக்கு நாளாக இருக்கும். கர்ப்பம் உறுதியானதும் டாக்டர் நடக்கச் சொன்னார், நடந்தேன். வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு மதுரைக்குத் தாய்வீடு வந்தேன். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு அடுத்த தெருவில் எங்கள் வீடு.

பெண் குழந்தை, சிசேரியன். தமிழ்நாட்டில் இது அபூர்வம் அல்ல. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கே 100 பிரசவங்களில் ஏறக்குறைய 45 அறுவைச் சிகிச்சையில்தான் நடக்கின்றன. தையல் ஆறும்வரை இருமுவதற்குக்கூட வயிற்றில் தலையணையை அணைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அம்மா என்னைக் கட்டிலை விட்டு அதிகம் இறங்க விடவில்லை.

"பச்ச ஒடம்புடி இது. மூணு மாசம் பொறு. அதுக்கப்புறம் நீ ஓடு, பற, நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்."

அந்த மூன்று மாதமும் சமையலறை எனக்காகவே நடந்தது. நல்லெண்ணெயில் வதக்கிய பூண்டுக் குழம்பு, பால் சுறாப் புட்டு, முருங்கைக்கீரை, கருப்பட்டி போட்ட வெந்தயக் களி, காலையில் வெறும் வயிற்றில் பிரசவ லேகியம். சாயங்காலம் அப்பா தூக்குவாளியில் பருத்திப்பால் வாங்கி வருவார். பால் நன்றாக ஊறும் என்பது மதுரைக்காரர்களின் நம்பிக்கை. எந்தப் பண்டம் எவ்வளவு ஊற வைத்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் வயிறு நிறையச் சாப்பிட்டேன், வேளாவேளைக்குச் சாப்பிட்டேன். பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும் முதல் ஆறு மாதங்களில் தாய்க்கு வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 600 கிலோ கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். அம்மாவுக்கு அந்தக் கணக்கு தெரியாது. அதைவிடக் கூடுதலாகவே என் தட்டில் வைத்தாள்.

ஓட்டத்துக்குத் திரும்பும் வழி தெப்பக்குளத்தில் தொடங்கவில்லை. ஒரு தும்மலில் தொடங்கியது. குழந்தையைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தபோது தும்மினேன், சிறுநீர் கசிந்துவிட்டது. மறுநாள் இருமினேன், மறுபடியும். பெண்கள் ஒருவருக்கொருவர் பிரசவ வலியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். இதைப் பற்றிப் பேசுவதில்லை. "புள்ள பெத்தா அப்படித்தான்" என்று அம்மாவே சொன்னபோதுதான், அவளும் இத்தனை வருடமாக இதைச் சுமந்துகொண்டிருக்கிறாள் என்று புரிந்தது.

டாக்டர் ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பினார். அவர் விளக்கியதை அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன். இடுப்பெலும்பின் அடியில் ஒரு தூளி கட்டியதுபோலச் சில தசைகள் இருக்கின்றன. கர்ப்பப்பை, சிறுநீர்ப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அவைதான். சிசேரியன் ஆனால் கீழே எந்தச் சேதமும் இருக்காது என்று பலரும் நினைக்கிறோம். பத்து மாதம் அந்தப் பாரத்தைத் தாங்கியதும் அதே தசைகள்தான். நடக்கும்போது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். ஓடும்போது இரண்டு காலும் தரையை விட்டுக் கிளம்பி, உடம்பின் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு விசையோடு ஒற்றைக் காலில் இறங்குகிறோம். தளர்ந்த தசைகள் அந்த அதிர்வை ஏற்காது.

பயிற்சி எளிது. சிறுநீரை அடக்குவதுபோல உள்ளே இறுக்கி, மேலே இழுத்து, மூச்சை அடக்காமல் அந்த இறுக்கத்தைச் சற்றுப் பிடித்து, பிறகு முழுவதுமாகத் தளரவிட வேண்டும். ஆர்னால்டு கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் 1948இல் எழுதி வைத்தது; கெகல் பயிற்சி என்றே பெயர். தளரவிடுவதும் இறுக்குவதைப் போலவே முக்கியம் என்று பிசியோதெரபிஸ்ட் திரும்பத் திரும்பச் சொன்னார். மல்லாக்கப் படுக்கவைத்து, தலையை மட்டும் லேசாகத் தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேலும் கீழும் விரல்களை வைத்துப் பார்த்தார். வயிற்றுத் தசைகள் இரண்டும் நடுவில் விலகியிருந்தன. கர்ப்பத்தில் எல்லோருக்கும் விலகும், மெல்ல மெல்லச் சேரும், அதற்கும் தனிப் பயிற்சி உண்டு என்றார். பால் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் நான் கெகல் செய்தேன். குழந்தை வாய் வைத்ததும் என் உடம்பும் வேலையை ஆரம்பித்துவிடும்.

எப்போது ஓடலாம் என்று கேட்டேன். பிரிட்டனைச் சேர்ந்த டாம் கூம், கிரான்யா டானலி, எம்மா பிராக்வெல் என்ற மூன்று பிசியோதெரபிஸ்ட்டுகள் 2019இல் இதற்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறார்கள் என்றார். பிரசவம் எப்படி நடந்திருந்தாலும் 12 வாரத்துக்கு முன்னால் ஓட வேண்டாம் என்பது அதன் முதல் பாடம். அம்மா சொன்ன அதே மூன்று மாதம். 12 வாரம் ஆனவுடன் ஓடிவிடலாம் என்றும் அதற்குப் பொருள் இல்லை. உடம்பு சில சோதனைகளில் தேற வேண்டும். அரை மணி நேரம் வலியோ கசிவோ இல்லாமல் நடக்க வேண்டும். ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்க வேண்டும். ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழ வேண்டும். நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓட வேண்டும். ஒற்றைக் காலில் குதிக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கூடத்துச் சிவப்புச் சிமென்ட் தரையில், சுவரில் ஒரு கையை ஊன்றி, குழந்தை தூங்கும் நேரத்தில் இவற்றைச் செய்து பார்ப்பேன். இடது காலில் குதிக்கும்போது அடிவயிறு கனத்தது. அன்று நிறுத்திவிட்டு இன்னும் சில வாரம் நடந்தேன். அடிவயிற்றில் கனம், ஏதோ கீழே இறங்குவது போன்ற உணர்வு, கசிவு, வலி, நின்றுபோன உதிரப்போக்கு மறுபடி வருவது: இவற்றில் எது தெரிந்தாலும் உடம்பு இன்னும் தயாராகவில்லை.

தெப்பக்குளம் எனக்கென்றே அமைந்ததுபோல இருந்தது. திருமலை நாயக்கர் காலத்துக் குளம். நீளம் ஏறக்குறைய 1000 அடி, அகலம் 950 அடி. வெளியே ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். நான் பள்ளியில் படித்த காலத்தில் பெரும்பாலும் காய்ந்துதான் கிடக்கும்; பையன்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடுவார்கள். இப்போது வைகைத் தண்ணீர் நிறைந்து, நடுவில் மைய மண்டபத்தின் நிழல் விழுந்து கிடக்கிறது. விடியற்காலையில் பாதி மதுரை அங்கேதான் நடக்கும். சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்ட பெண்களும் நடப்பார்கள். பால் கொடுக்கும் ஒருத்திக்கு அந்தக் குளத்தின் பெரிய வசதி வேறு. சுற்றில் எந்த இடத்தில் இருந்தாலும் வீடு அரைச் சுற்றுத் தூரத்துக்கு மேல் இல்லை. அம்மாவிடமிருந்து ஒரு மிஸ்டு கால் வந்தால் குழந்தை எழுந்துவிட்டாள் என்று அர்த்தம். சில நிமிடங்களில் அவள் என் மடியில் இருப்பாள்.

ஓட்டத்துக்கு முன் பால் கொடுத்துவிட வேண்டும். இது பிள்ளைக்கும் நல்லது, தாய்க்கும் நல்லது. இரண்டு பக்கமும் காலியானால்தான் மார்பின் கனம் குறையும். இருட்டோடு எழுந்து, பக்கவாட்டில் படுத்தபடியே கொடுப்பேன். அவள் ஒரு கையால் என் தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறக்காமல் குடிப்பாள். உறிஞ்சல் மெதுவாகி, வாய் தானாக விலகி, உதட்டோரம் ஒரு சொட்டு நிற்கும். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தாலிக்கொடியை விடுவிப்பேன். பால் கொடுக்கும் பிராவுக்கு மேலே இறுக்கமான ஸ்போர்ட்ஸ் பிரா, உள்ளே பருத்தித் துணி மடிப்பு, மேலே தளர்வான சுடிதார் டாப்ஸ். கல்யாணத்துக்கு முன் வாங்கிய ஷூ போடும்போதுதான் கால் அகலமாகிவிட்டது தெரிந்தது. கர்ப்பத்தில் பல பெண்களுக்கு இப்படி ஆகும். அப்பா புது ஷூ வாங்கிக் கொடுத்தார்.

முதல் நாள் ஒரு நிமிடம் ஓடினேன், இரண்டு நிமிடம் நடந்தேன். மறுபடி ஒரு நிமிடம். முட்டி என்னுடையதாக இல்லை, இடுப்பு சொன்னபடி கேட்கவில்லை, மூச்சு மட்டும் பழைய ஒழுங்கை ஞாபகம் வைத்திருந்தது. மாரியம்மன் கோயில் முன்னால் கதம்பம் தொடுத்துக்கொண்டிருந்த பூக்காரம்மா கூப்பிட்டுக் கேட்டார்: "ஏம்மா, புள்ளைக்குப் பால் குடுத்துட்டுத்தானே வந்த?" ஆமாம் என்றேன். "அப்பச் சரி, ஓடு." பிறகு தினமும் கேட்டார். தினமும் அதே பதிலைச் சொல்லிவிட்டு ஓடினேன்.

இன்னொரு நாள் குளத்தின் தென்கரையில், ஏதோ ஒரு வீட்டின் மாடியில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. என் குழந்தை இல்லை என்று தெரியும். ஆனாலும் மார்பில் ஊசி குத்துவது போன்ற கூச்சம் பரவி, துணி மடிப்பைத் தாண்டி டாப்ஸ் நனைந்தது. ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனின் வேலை அது. குழந்தையின் அழுகை காதில் விழுந்தாலே போதும், அது சுரந்து பாலைக் கீழே தள்ளும். துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்க்கத் திரும்பினேன்.

வீட்டில் அப்பத்தா காத்திருந்தாள். "ஓடி வந்த சூட்டோட மார ஊட்டாத. சூட்டுப் பாலு. புள்ளைக்கு வயித்தால போகும்." வெயிலில் போய்வந்தாலும், நெருப்பின் முன் நின்றுவிட்டு வந்தாலும், பால் சூடாகிவிடும் என்பது ஊரறிந்த நம்பிக்கை. முதல் பாலைப் பீய்ச்சிக் கீழே விட்டுவிட்டுக் கொடு என்பார்கள். நான் சண்டை போடவில்லை, தேடிப் படித்தேன்.

அப்பத்தாவின் சந்தேகம் ஆய்வுக்கூடத்திலும் எழுந்திருந்தது. 1992இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த ஒரு கட்டுரை, தாய் சக்தி முழுவதையும் செலவழித்து உடற்பயிற்சி செய்த பிறகு பாலில் லாக்டிக் அமிலம் கூடுகிறது, அந்தப் பாலைக் குழந்தைகள் அவ்வளவு விரும்பிக் குடிக்கவில்லை என்றது. அங்கே பாலைப் பீய்ச்சிச் சொட்டு மருந்து போலப் புகட்டினார்கள். 2002இல் அதே இதழில் வந்த இன்னொரு ஆய்வில், உடற்பயிற்சிக்கு ஒரு மணி நேரம் கழித்துக் கொடுத்த பாலைக் குழந்தைகள் வழக்கம்போலவே குடித்தார்கள். பெரிய கேள்விக்கு 1994இலேயே பதில் வந்துவிட்டது. கலிஃபோர்னியாவில் கேத்ரின் டூயியின் குழு, தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும் 33 தாய்மாரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரை நாளுக்கு 45 நிமிடம், வாரத்துக்கு 5 நாள், 12 வாரம் உடற்பயிற்சி செய்ய வைத்தது. பாலின் அளவும் குறையவில்லை, சத்தும் குறையவில்லை, குழந்தைகளின் எடையும் இரு பிரிவிலும் ஒன்றுபோலவே ஏறியது. தாய்மாரின் உடல்திறன் மட்டும் கூடியிருந்தது.

இதைச் சொன்னபோது அப்பத்தா தன் கதையைச் சொன்னாள். வைகைப் பாசன வயலில் நடவும் களையெடுப்பும் செய்தே பிள்ளைகளை வளர்த்தவள் அவள். வரப்பு மரத்தில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்குவாள். அழுகுரல் கேட்டால் கரையேறி, முகம் கழுவி, மாரைத் துடைத்து, ஒரு செம்பு தண்ணீர் குடித்து, வேர்வை அடங்கிய பிறகு மடியில் போட்டுக்கொள்வாள். அவள் சொன்ன ஒழுங்கை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். பால் கெட்டுவிடும் என்பதற்காக இல்லை. வேர்வையின் உப்பு குழந்தைக்குப் பிடிக்காது, பால் கொடுக்கும் உடம்புக்குத் தண்ணீர் வேண்டும், மூச்சு வாங்கியபடி பால் கொடுத்தால் தாயும் பிள்ளையும் நிம்மதியாக இருக்க முடியாது. இறுக்கமான பிராவையும் வந்ததும் கழற்றிவிடுவேன். மார்பை அழுத்திக்கொண்டே இருந்தால் பால் கட்டும். ஒரு கல்யாண நாளில் பால் கொடுக்கும் நேரம் தள்ளிப்போய் எனக்குப் பால் கட்டிக்கொண்டது. மார்பு கல்லாகி, குளிர் காய்ச்சல் வந்தது. கொடுப்பதை நிறுத்த வேண்டாம் என்று டாக்டர் சொன்னதுதான் என்னை மீட்டது. ஓட்டத்தால் ஒருமுறைகூட அப்படி ஆகவில்லை.

பசி வேறு விதமானது. ஓடிவிட்டு வந்து பால் கொடுத்தால் கை நடுங்கும். நீராகாரமும் வேகவைத்த முட்டையும் தயாராக இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை நான் தவறவிட்டதில்லை. தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இரத்தசோகை இருக்கிறது. பிரசவத்துக்குப் பின் 180 நாள் மாத்திரை சாப்பிட வேண்டும் என்பது அரசுத் திட்டம். மூச்சு வாங்குகிறதே, பயிற்சி போதவில்லையோ என்று நினைக்கும் பல தாய்மாருக்கு உண்மையில் போதாதது இரத்தம். எடையைக் குறைப்பதற்காக ஓடாதீர்கள், சாப்பாட்டைக் குறைக்காதீர்கள் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னதை எல்லாருக்கும் சொல்கிறேன்.

தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறவளுக்கு 2017இலிருந்து 26 வார மகப்பேறு விடுப்பு உண்டு. அது முடிந்து சென்னைக்குத் திரும்பிய பிறகு, குழந்தை சாதம் சாப்பிடத் தொடங்கிய பருவத்தில், ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தேன். அங்கே தண்ணீர்ப் பந்தல் இருந்தது, மசாஜ் செய்துவிட ஆள் இருந்தது, படம் எடுத்துக்கொள்ள அலங்கார வளைவு இருந்தது. உட்கார்ந்து பால் கொடுக்க ஓர் இடம் இல்லை. ஓடுவதற்கு முன்னால் காரின் பின்சீட்டில், ஜன்னலில் துண்டைக் கட்டிக்கொண்டு கொடுத்தேன். பீய்ச்சி வைத்த பாலைக் கணவர் பாலாடையில் புகட்டினார். 2015இலேயே தமிழ்நாட்டின் பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறை வந்துவிட்டது. மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் முடிகிற காரியம், ஆயிரக்கணக்கானோர் கட்டணம் கட்டிக் கலந்துகொள்ளும் ஓட்டப் போட்டியில் முடியாதா? நான்கு மூங்கில், ஒரு திரை, இரண்டு நாற்காலி போதும்.

ஓடும் தாய்மார் புதிதாக முளைத்தவர்கள் அல்லர். 1995இல் நம் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரை 1 நிமிடம் 59.85 விநாடியில் ஓடி, 2 நிமிடத்துக்குள் அந்தத் தூரத்தைக் கடந்த முதல் இந்தியப் பெண் ஆனார் ஷைனி வில்சன். அப்போது அவர் ஒரு பெண் குழந்தைக்குத் தாய். 2018இல் ஆல்ப்ஸில் மோன் பிளாங் மலையைச் சுற்றும் ஏறக்குறைய 170 கிலோமீட்டர் ஓட்டத்தின் நடுவே, இத்தாலியின் கூர்மாயூரில் உட்கார்ந்து தன் மூன்று மாதக் குழந்தைக்குப் பால் கொடுத்தார் சோஃபி பவர் என்ற பிரிட்டிஷ் பெண். அந்தப் படம் உலகம் சுற்றியது. காயம் பட்டவர்களுக்குப் போட்டியைத் தள்ளிப்போட அனுமதி உண்டு, கர்ப்பிணிக்கு இல்லை என்பதால்தான் அவர் அந்த ஆண்டு ஓட வேண்டியிருந்தது. 2019 ஜனவரியில் பிரிட்டனின் 268 மைல் ஸ்பைன் ரேஸில் ஜாஸ்மின் பாரிஸ், தன் 14 மாதக் குழந்தைக்காக வழியில் நிற்கும் இடங்களில் பாலைப் பீய்ச்சி எடுத்துக்கொண்டே ஓடி, ஆண்களையும் சேர்த்து எல்லோருக்கும் முதலாவதாக வந்தார். இவர்களைப்போல ஓட வேண்டும் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். பால் கொடுக்கும் உடம்பு பலவீனமான உடம்பு அல்ல என்பதற்கு இவர்களும் என் அப்பத்தாவும் சாட்சி.

திரும்பிப் பார்க்கும்போது, என்னை ஓட வைத்தது என் மன உறுதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மன உறுதியுள்ள எத்தனையோ பெண்கள் குழந்தை பிறந்த பிறகு ஷூவைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். எனக்கு மதுரையில் அம்மா இருந்தாள். நான் குளத்தைச் சுற்றும்போது என் மகள் அவள் தோளில் கிடந்தாள். சென்னையில் கணவர் விடியற்காலைத் தூக்கத்தை விட்டுக்கொடுத்தார். அந்தத் தோள்கள் இல்லாத வீட்டில் எந்த வழிகாட்டியும் எந்த ஆய்வும் உதவாது.

ஆகவே என் வேண்டுகோள் தாய்மாருக்கு அல்ல, அவர்களைச் சுற்றி இருப்பவர்களுக்கு. உங்கள் வீட்டில் பால் கொடுக்கும் ஒருத்தி ஓட ஆசைப்பட்டால், அவளை முதலில் மூன்று மாதம் நன்றாக இளைப்பாற விடுங்கள். வயிறாரச் சாப்பாடு போடுங்கள். ஒருமுறை பிசியோதெரபிஸ்ட்டிடம் அழைத்துப் போங்கள். பிறகு, பால் குடித்து முடித்த குழந்தையை விடியற்காலையில் அரை மணி நேரம் நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.